மேஸ்திரி கட்டிய வீட்டில் குப்பை கிடையாது

அவர் கட்டி முடித்த வீட்டு வாசலில் ஒரு ஆணிகூடக் கிடக்காது. நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் நாங்கள் வீடு கட்டக் கிளம்பியபோது ஆளாளுக்கு ஒரு மேஸ்திரியைச் சொன்னார்கள். ஒருவர் வேகமாகக் கட்டுவார், ஒருவர் வாஸ்து தெரிந்தவர், ஒருவர் சொன்ன தேதியில் சாவியைக் கையில் கொடுப்பார். இவரைச் சொன்னவர்கள் மட்டும் எல்லாரும் ஒரே சங்கதியைச் சொன்னார்கள்: "அவரு வேலை செய்யற எடத்துல குப்பையே இருக்காதுங்க." வீடு கட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு தகுதியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சில மாதம் பழகிய பிறகு, இதைவிடப் பெரிய தகுதி கிடையாது என்று நானே நாலு பேரிடம் அவரைச் சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்குள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஆள் குள்ளம். முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய லுங்கி, சிமென்ட் தின்று வெளுத்த விரல்கள். தலையில் துண்டுக்குப் பதிலாக ஒரு டீ-சர்ட். எங்கள் பனியன் ஊரில் ரிஜெக்ட் ஆன டீ-சர்ட்டுக்குப் பஞ்சமா? எந்த நாட்டுப் பிள்ளைக்கோ தைத்து, தையல் கோணிப்போனதால் கப்பல் ஏறாமல் நின்றுவிட்டதை அவர் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்வார். ஒரு நாள் நெற்றியில் கரடி சிரிக்கும், மறுநாள் பூனை. அந்தக் கோலத்தில் அவர் யாரையாவது திட்டும்போது எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

திட்டுவதும் எங்கள் ஊர் வழக்கப்படிதான். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். செங்கல்லைப் போட்டு உடைத்த சித்தாளிடம், "ஏனுங்க, உங்களுக்குக் கை இருக்குதுங்களா, இல்லை அதையும் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களாங்க?" என்று கேட்பார். அந்தப் பெண் அழுதேவிட்டாள். உடைந்த செங்கல் சில்லுகளை அவரே உட்கார்ந்து பொறுக்கி, ஒரு மூலையில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த குவியலில் கொண்டுபோய்ப் போட்டார்.

பொழுது இறங்கும் நேரத்தில் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. வேலையாட்கள் கைகால் கழுவப் போனதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றி வெறுங்காலில் நடப்பார். பிறகு தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் நடப்பார். கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் போதாதாம், கால் சொல்ல வேண்டுமாம். ஆணி, கம்பித் துண்டு, டைல்ஸ் சில்லு, எது குத்தினாலும் எடுத்து மடியில் முடிந்துகொண்டு நடையைத் தொடர்வார். வீட்டுக்காரர்களையும் விடமாட்டார்.

"செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க அம்மிணி. உங்க கால்ல ஒண்ணு குத்துச்சுன்னா நாளைக்கு நான் இந்த வேலைக்கே வரலீங்க."

நானும் நடந்தேன். ஒன்றும் குத்தவில்லை. கட்டி முடியாத வீட்டில், மணலும் ஜல்லியும் குவிந்து கிடக்கிற இடத்தில், கோயில் பிரகாரத்தைப் போல வெறுங்காலோடு நடந்தேன் என்று என் தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை.

அந்த வருஷங்களில் ஊர் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி, அதற்கும் பின்னால் வேலையாட்கள் தங்க லைன் வீடு. இடித்த செங்கல், இறுகிப்போன சிமென்ட், பெயிண்ட் டப்பா எல்லாம் டிராக்டரில் ஏறி ஓடைக்குப் போகும். பெயர்தான் ஓடை, தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஊரே கொட்டுகிற பள்ளம் அது. போகிற வழியில் பாதி ரோட்டில் சிந்தும். யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், எல்லாருடைய குப்பையும் அங்கேதான் கிடந்தது.

எங்கள் வேலை நடந்தபோது ஒரு மத்தியானம் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். மணல் கொண்டுவந்த டிராக்டர்காரர், வண்டி வெறுமையாகத் திரும்புகிறதே என்று மூலையில் கிடந்த குவியலை நல்லெண்ணத்தோடு அள்ளிக்கொண்டு போய் ஓடையில் கொட்டிவிட்டார். மேஸ்திரி திரும்பி வந்து வெற்று மூலையைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஏதோ திருட்டுப் போய்விட்டது என்றே நான் பயந்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் ஏறி நேராக ஓடைக்குப் போனார். அங்கே டீக்கடையில் நின்றிருந்த டிராக்டர்காரரைப் பிடித்து, "ஏனுங்க, உங்க ஊட்டு சோத்துக் குண்டாவுல இதைக் கொட்டுவீங்களாங்க? கொட்டுவீங்கன்னா சொல்லுங்க, உங்க ஊட்டுக்கே கொண்டாந்து கொட்டறனுங்க" என்றாராம். பிறகு லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். எது எங்களுடையது, எது மற்றவர்களுடையது என்று யாருக்குத் தெரியும்? கைக்கு வந்ததையெல்லாம் அள்ளி அதே டிராக்டரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார். போனதைவிட வந்தது அதிகம்.

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"நம்ம ஊட்டுக் குப்பை நம்ம ஊட்டோடயே இருக்கட்டுங்க அம்மிணி" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊருக்கு இப்படி நாலு பேர் இருந்தால் போதுமே என்று தோன்றியது. செங்கல் சில்லு தரைக்கு அடியில் போகும், கம்பித் துண்டு எடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். மிச்சம் என்னவாகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் அவரிடம் வீடு கட்டிய யாருமே கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனால் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவருக்கு ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்பதை ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். நான் குடித்த பிளாஸ்டிக் கப்பை ஜன்னல் வழியாக வெளியே வீசப் போனேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"எங்கய்யன் மஞ்சள் போட்ட பூமிங்க, ஆத்துக்குக் கீழ. ஒரு வருசம் கெணத்துத் தண்ணி லேசா செவந்துச்சு. செம்மண்ணு கரையுதுன்னு எங்கய்யன் சொன்னாருங்க. அடுத்த வருசம் ஊதா. அப்பறம் ஒரு மாதிரி பச்சை. தென்னை குருத்துல இருந்தே கருகுச்சு. ஆரைப் போயிக் கேக்கறதுங்க? மேக்கால ஆரோ ஒருத்தன் சாயத் துணி கழுவுனான். அவனுக்கு எங்கய்யனைத் தெரியாது, எங்கய்யனுக்கு அவனைத் தெரியாதுங்க."

"அய்யன் என்ன பண்ணுனாருங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. தெனமும் காலைல எறங்கி, உள்ளங்கையில தண்ணியை அள்ளிப் பாத்துட்டே நிப்பாரு. இன்னைக்குத் தெளிஞ்சிருக்குமான்னு. அவரு போற வரைக்கும் தெளியலீங்க."

அப்பா போன பிறகு நிலத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் கொத்துக்கரண்டியைப் பிடித்திருக்கிறார். தன் கையிலிருந்து ஒரு பொட்டுக் குப்பைகூட அடுத்தவன் மண்ணுக்குப் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் டீக் கப்பைக் கசக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி கைக்குத் துணி மூட்டைகள் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு தையல் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் ஊரில் பத்து மெஷின் போட்டாலே கம்பெனிதான். கட்டிங்கில் விழும் நல்ல துண்டுகளை வாங்கிப்போக ஆள் வரும். ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் சேரும் நூல் குப்பையையும் எண்ணெய்க் கறை பட்டதையும் சீண்டமாட்டார்கள். அந்த வருஷம் ஒரு சிவப்புத் துணி வேறு எங்கள் கழுத்தை அறுத்தது. ஒரு முறை அலசினாலே வாளித் தண்ணீர் ரத்தமாக ஓடும். ஆர்டர் கொடுத்திருந்த வெளிநாட்டுப் பையர் அதை வேண்டாம் என்றுவிட்டார். வேஸ்ட் வாங்குகிறவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாயம் நிக்காதுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாரையும் போல நாங்களும் அதை ரோட்டோரம் போட்டுத் தீ வைத்தோம்.

புகையைப் பார்த்து மேஸ்திரி ஓடி வந்தார். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். "இந்தப் புகையை ஆருங்க குடிக்கறது? பக்கத்துல கொழந்தை இருக்கற ஊடு இருக்குதுங்க. குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். மிச்சத் துணியைக் காலி சிமென்ட் பைகளில் அடைத்து, கட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு மாடிக்கு ஏற்றினார். புது கான்கிரீட்டின் மேல் ஈரத் துணியைப் பரப்பி வைப்பது எங்கள் ஊர் மேஸ்திரிகளின் வழக்கம். அதற்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு வேறு கம்பெனிகளிலிருந்தும் அவர் தேடிப்போய் வாங்கி வந்தார் என்று கேள்வி.

வீடு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் வாசலில் வெறுங்காலோடு நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் பெருமையாகப் பார்த்தேன். கீழே நாங்கள். மேலே அறைகளைக் கம்பெனி வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டோம். எல்லாரும் தெற்கேயிருந்து, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். வாய் ஓயாத பெண்கள். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து எங்கள் படுக்கை அறைக் கூரையில் ஒரு மூலை லேசாக ரோஸ் நிறமானது. "செங்கல் கரையுது போல" என்றார் என் வீட்டுக்காரர். எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று தோன்றியது. அதன் மேலேயே வெள்ளை அடித்தோம். மறுபடியும் ரோஸ் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே அலறல். எஸ்தர் என்று ஒரு பெண், அங்கே இருந்தவர்களில் அவள்தான் சின்னவள். பாத்ரூமுக்குள் போனவள் கத்திய கத்தலில் தெருவே எழுந்துவிட்டது. நான் படியேறி ஓடினேன். டைல்ஸ் உடைந்து, அவள் வலது கால் முழங்கால் வரை தரைக்குள் போயிருந்தது.

"யக்கா! காலு உள்ள போயிட்டுக்கா! ஏதோ மெத்துமெத்துன்னு இருக்கு, புடிச்சு இழுக்குக்கா!"

நாங்கள் மூன்று பேர் அக்குளில் கைகொடுத்து இழுத்தோம். கால் வெளியே வந்தது. முழங்காலிலிருந்து விரல் நுனி வரை ஒரே சிவப்பு. சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது. கூட இருந்தவள் "ஏட்டி, ரத்தம்!" என்று மயங்கிச் சரிந்தாள். நான் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். சிவப்பு வழிந்து போனது. அடியில் ஒரு சிராய்ப்பு மட்டும். சின்னக் காயம். ரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. ரத்தம் இல்லை என்றால் இது என்ன?

என் வீட்டுக்காரர் கடப்பாரையால் உடைந்த இடத்தைப் பெரிதாக்கினார். மாடி பாத்ரூம் தரையை மற்ற அறைகளைவிட ஒன்றரை அடி பள்ளமாக விட்டுத்தான் கான்கிரீட் போடுவார்கள். பைப் பதித்த பிறகு அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். எங்கள் பள்ளத்தில் செங்கல் ஜல்லி மேலாக ஒரு படிவுதான் இருந்தது. அதன் கீழே சிமென்ட் பைகள். பைகளுக்குள் பனியன் துணி, ஊறி உப்பி, அழுகல் நாற்றத்தோடு. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியாதா என்ன? பைகளுக்கு இடையில் பெயிண்ட் டப்பாக்கள், இறுகிய சிமென்ட் கட்டிகள், சாப்பாட்டுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் தாள்கள், கசங்கிய டீக் கப்புகள். வீடு கட்டிய காலத்துக் குப்பை முழுவதும் அங்கே இருந்தது. எங்கள் வாசலில் ஒரு ஆணி கிடக்காமல் போனதன் ரகசியம் என் கட்டிலுக்கு நேர் மேலே இருந்திருக்கிறது.

பைப் ஜாயின்ட்டில் எங்கோ கசிவு. செங்கல் ஜல்லியாக இருந்திருந்தால் தண்ணீர் ஓரத்தில் வந்து சீக்கிரமே காட்டிக்கொடுத்திருக்கும். துணி வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடியில் கான்கிரீட் நைந்து கம்பி துருவேறி இதழ் இதழாக வந்தது. கீழே ஓடிப்போய்க் கட்டிலை அந்த இடத்திலிருந்து இழுத்துப் போட்டோம்.

போன் போட்டதும் மேஸ்திரி மொபெட்டில் வந்துவிட்டார். பழக்கம் விடுமா, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அன்றைக்கு நெற்றியில் ஒரு முயல்.

நான் பொரிந்து தள்ளினேன். "என்ன மேஸ்திரி இது? எங்க தலைக்கு மேல குப்பைத் தொட்டி கட்டிட்டுப் போயிருக்கீங்க! அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

அவர் குழியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தையோ வெட்கத்தையோ தேடினேன். இரண்டும் இல்லை. நான் எதற்குக் கத்துகிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

"பைப்பு கசிஞ்சிருக்குது அம்மிணி, மாத்திடலாங்க. ஆனா பாத்தீங்களா? இத்தனை வருசத்துல ஒண்ணாச்சும் வெளிய போயிருக்குதுங்களா? எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்குதுங்க."

இதை அவர் மறைத்துச் செய்யவில்லை, பெருமையாகச் செய்திருக்கிறார். ஓடைக்குப் போகாமல், தீயில் புகையாமல், அடுத்தவன் மண்ணைத் தொடாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார். அந்த நிமிஷம் அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அவர் குனிந்து துணியை அமுக்கிப் பார்த்தார். விரலிடுக்கில் தண்ணீர் ஊறியது. பைப் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதற்காக ஒரு கை அள்ளினார். அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். ஓரத்துப் பையில் ஊதாத் துணி இருந்திருக்கிறது. சிவப்பும் ஊதாவும் கலந்த தண்ணீர் அவர் உள்ளங்கையில் தேங்கி நின்றது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"எங்கய்யன் கெணறுங்க" என்றார். அவ்வளவுதான். கையைக் கவிழ்க்க இடம் தெரியாமல் தேடி, கடைசியில் தன் லுங்கியிலேயே துடைத்துக்கொண்டார்.

பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார். கண் நிலைகுத்தியிருந்தது.

"அம்மிணி, ஸ்கூலு."

"எந்த ஸ்கூலுங்க?"

"மேல ஊடு, கீழ எல்கேஜி. அங்க பாத்ரூமு பெருசுங்க. இதுல மூணு பங்கு வெச்சேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்து எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதை நடத்துகிற மிஸ் பல்லடத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும், பிள்ளைகள் வருவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பினோம். ஜாக்கி எனப்படும் இரும்பு முட்டுகளை வாடகைக்குப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மத்தியானமாகிவிட்டது. ஜாக்கி இல்லாமல் வரமாட்டேன் என்று மேஸ்திரி ஒரே பிடிவாதம். காலையிலிருந்து போட்டும் மிஸ் போன் எடுக்கவில்லை; நான் மட்டுமாவது முன்னால் போயிருக்கலாம், அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வகுப்பு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு நேர் மேலே, கூரையில் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி. ஒரு சிறகு ஊதா, ஒரு சிறகு பச்சை, நடுவில் சிவப்பு. கறுப்பு பெயிண்ட்டால் யாரோ ஓரம் வரைந்து, மீசையும் வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு வெள்ளை அடிச்சாலும் கலர் கலரா வந்துட்டே இருந்துச்சுங்க" என்றார் மிஸ் சிரித்துக்கொண்டே. "அப்பறம் நானே ஸ்டூல் போட்டு ஏறி இப்படி வரைஞ்சுட்டேன். கொழந்தைகளுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அதுக்கு அடியில படுக்கத்தான் சண்டை போடுவாங்க."

மேஸ்திரி தலையிலிருந்த டீ-சர்ட்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாய்களுக்கு நடுவே குனிந்து, முதல் பிள்ளையின் தோளைத் தொட்டார்.

"கண்ணு, எந்திரி சாமி. வெளிய போலாம்."

"தூங்கற நேரமுங்க, இப்ப எழுப்புனா அழுவாங்க" என்று மிஸ் தடுத்தார்.

"அழுவட்டுங்க. அழுவறது கேக்கட்டுங்க" என்றார் மேஸ்திரி. மிஸ் விலகி வழிவிட்டார். நாங்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளாகத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். தூக்கம் கலைந்த பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டன.

நானும் மிஸ்ஸும் வாசலில் நின்று பார்க்க, அவர் மட்டும் உள்ளே போய் முதல் ஜாக்கியை நிறுத்தித் திருகினார். அது கூரையைத் தொட்டதுதான் தாமதம், ஊதாச் சிறகு அப்படியே கழன்று விழுந்தது. பூச்சு மட்டும் இல்லை, கான்கிரீட்டும் சேர்ந்து. பாய்கள் விரித்தபடியே கிடந்தன. ஒரு பாயின் மேல் சின்னத் தலையணை ஒன்று இருந்தது. புழுதி அடங்கியபோது அந்தத் தலையணையைக் காணவில்லை. மிஸ் என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. மேஸ்திரி தொட்டதால் விழுந்ததா, தானே விழ இருந்ததா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. மேஸ்திரியின் தோளில் அடி பட்டிருந்தது. அதைக் கவனிக்காமல் அவர் அடுத்த ஜாக்கியைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. தான் கட்டிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், கதவைத் தட்டி, தான் செய்ததைத் தானே சொன்னார். சிலர் உடைக்க விட்டார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு உடைக்க விட்டார்கள். ஒரு வீட்டில், பொண்ணு கல்யாணம் முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதீங்க என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்களாம். அங்கே கூரைக்கு முட்டு மட்டுமாவது கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். தன் வீட்டுப் பிள்ளைகளைக்கூட உதவிக்குக் கூப்பிடவில்லை. நான் வெச்சது, நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் ஆற ரொம்ப நாளாயிற்று. பள்ளிக்கூடத்துத் தலையணை கண்ணில் வந்து வந்து போனது. ஆனாலும் ஓடையைத் தாண்டும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். ஊரில் மற்ற மேஸ்திரிகள் யாரும் இப்படிச் செய்யவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் ஓடையில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை, அவர்களும் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் பாத்ரூம் வேலை பாதியில் நின்றிருந்ததால் அவரைப் பார்க்க நானே அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. சின்ன வீடு, முன்னால் பெரிய வாசல். வாசல் நிறைய மலையாகக் குவிந்து கிடந்தது அந்தத் துணி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தோண்டி எடுத்ததை வேறு எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல், தன் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறார். தார்ப்பாய் போட்டுத்தான் மூடியிருந்தார். காற்றில் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுவிட்டது. துணி மலையிலிருந்து சிவப்பும் ஊதாவும் பச்சையும் இறங்கி, வாசலில் தேங்கித் தெருவுக்கு வழிந்துகொண்டிருந்தன.

எதிர்வீட்டு அம்மா குடையோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிட்டு, உங்க ஊட்டுத் தண்ணியை எங்க வாசலுக்கு உடறீங்களே, நல்லாருக்குதுங்களா?"

மேஸ்திரி மழையில் நனைந்துகொண்டே, கேட்டுக்குக் குறுக்கே மண்ணை அள்ளிப் போட்டு வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். கரண்டியைத் தொடவில்லை. மண்வெட்டியால் இழுத்து, காலால் மிதித்து, பாத்தி கட்டும் விவசாயியைப் போலக் கட்டினார். தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. எதிர்வீட்டு அம்மா இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு உள்ளே போனார். வரப்புக்கு உள்ளே தண்ணீர் ஏறியது. அவர் கணுக்கால் மூழ்கியது. வீட்டுப் படியையும் அது தொட்டுவிட்டது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

நான் என்ன பேச வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் வீட்டுக்குள் நுழைகிறோமே என்று பழக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"வேண்டாங்க அம்மிணி. செருப்பைக் கழட்டாதீங்க."